மதகு பழுதானா ஏரியைத் தூர்ப்பாங்களா?

தலையங்கம்



சங்கத்து நோட்டீசுன்னா நெல்லு விலை, கரும்பு பாக்கி, ஏரி ஆக்கிரமிப்பு, உரத் தட்டுப்பாடு இதுதான் இருக்கும்னு நினைச்சு கையில வாங்கியிருப்பீங்க. இந்தத் தடவை மருந்து செய்யுற பழைய ஆய்வுக்கூடங்களைப் பத்தியும், செங்கல்பட்டு திருமணியில நிக்கிற ஒரு பெரிய கட்டிடத்தைப் பத்தியும் எழுதியிருக்கோம். "ஏர் பிடிக்கிறவனுக்கு ஆய்வுக்கூடத்துல என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. முழுசா படிச்சுட்டு நீங்களே பதில் சொல்லுங்க.

வரப்புல நடக்கும்போது காலுக்கடியில நல்லபாம்பு. வைக்கோல் போருக்குள்ள கண்ணாடிவிரியன். களத்துமேட்டுல பாய் விரிச்சுப் படுத்தவனைத் தூக்கத்துல கட்டுவிரியன். நம்மில் எத்தனை குடும்பம் இதைப் பார்த்திருக்கு! 2000 முதல் 2019 வரை 20 வருஷத்துல இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் செத்திருக்காங்க என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வருஷத்துக்கு சராசரி 58,000 பேர். அதிலே பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். மழைக்காலத்தில், அதாவது நாம வயல்ல இறங்கி நிக்கிற காலத்திலேதான் சாவும் அதிகம்.

இந்தக் கடிக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில் ஏத்துற விஷமுறி ஊசி. அது வானத்திலிருந்து விழுறதில்லை. ஒரு ஆய்வுக்கூடத்துல தயாராகணும். இப்ப புரியுதா நமக்கு அங்கே என்ன வேலைன்னு?

பழைய கூடங்கள் செய்த வேலை

நம்ம மாநிலத்துல இருக்கிற அரசாங்க மருந்துக் கூடங்கள் நேத்து முளைச்சவை அல்ல. கிண்டி கிங் நிலையம் தொடங்கியது 1899. அந்தக் காலத்தில் பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போகும். அம்மைப் பாலை கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுத்து, தடுப்பூசியாக ஊர் ஊராக அனுப்பியது அந்தக் கூடம்தான். நம்ம மாட்டுக் கன்று கொடுத்த மருந்து நம்ம பிள்ளைகளைக் காப்பாத்தியது. பாம்புக்கடி விஷமுறி மருந்தும் ஒரு காலத்தில் அங்கே தயாரானது.

1902-ல் லில்லி பக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் செத்துப்போனார். தென்னாட்டில் அதுக்கு மருந்து இல்லை. அதன்பிறகுதான் நன்கொடை திரட்டி 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி நாய்க்கடியால் செத்த குடியானவங்க எத்தனை பேர் என்று யார் கணக்கு வச்சா? இருந்தாலும் திறந்த கூடம் எல்லாருக்கும் பயன்பட்டது. 1932-ல் ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் வந்தது. அடைப்பான், தொண்டை அடைப்பான் என்று நம்ம தொழுவத்தைக் காலி பண்ணிய நோய்களுக்கு அங்கிருந்துதான் தடுப்பூசி வந்தது. 1948-ல் கிண்டியிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசிக் கூடம். பிறந்த குழந்தையின் இடது தோளில் போடுகிற ஊசி அது. உங்க தோளைத் தொட்டுப் பாருங்க, தழும்பு இருக்கும். பல பேருக்கு அந்தத் தழும்பு கிண்டி கொடுத்தது.

இவையெல்லாம் லாபக் கடைகள் அல்ல. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே ஊசி, காசு வாங்காத ஊசி என்ற கொள்கையை நடத்திக் காட்டியவை.

2008-ல் போட்ட பூட்டு

2008 ஜனவரியில் என்ன நடந்தது? கிண்டி பி.சி.ஜி. கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாச்சலத்தில் 1905-ல் தொடங்கிய கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி தயாரிக்கும் உரிமத்தை மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரேயடியாக நிறுத்தி வச்சது. நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குப் பெரும்பங்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கூடங்கள் இவை. சொன்ன காரணம்: "நல்ல உற்பத்தி நடைமுறை என்ற தர விதிகளுக்கு உங்க கட்டிடம் பொருந்தலை."

நியாயத்தை நியாயமா பேசுவோம். அந்தக் குறை பொய்யில்லை. கட்டிடங்கள் பழசு. தடுப்பூசி செய்யுற அறைக்குள்ள வடிகட்டின காத்துதான் வரணும். ஆள் உள்ளே போற வழி வேற, கழிவு வெளியே போற வழி வேற இருக்கணும். பி.சி.ஜி. மாதிரி உயிருள்ள கிருமியில் செய்யுற மருந்துக்குத் தனிக் கட்டிடமே வேணும். நம்ம வீட்டுல விதை நெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் கொட்டுவோமா? கலந்துபோனா அடுத்த போகமே போச்சு. அதேதான் அங்கேயும். பச்சைக் குழந்தைக்குப் போடுற ஊசியில் சுத்தம் தளர்ந்துபோகலாம் என்று நம்ம சங்கம் ஒருநாளும் சொல்லாது.

ஆனா நாம கேட்கிற கேள்வி வேறே. இந்த விதிகளைத் திருத்தி எழுதியது 2001-ல். புது விதி வந்த அன்றைக்கே "எங்க கூடத்தை இந்த அளவுக்கு உயர்த்தணும், இவ்வளவு பணம் வேணும்" என்று திட்டம் போட்டு வேலையை ஆரம்பிச்சிருக்க வேண்டியது யார்? கூடத்துக்குச் சொந்தக்காரன் மத்திய அரசு. விதி போட்டவனும் மத்திய அரசு. பணம் ஒதுக்க வேண்டியவனும் மத்திய அரசு. வருஷக்கணக்கா சுண்ணாம்புகூட அடிக்காம விட்டுட்டு, ஒரு நாள் வந்து "வீடு ஒழுகுது, எல்லாரும் வெளியே போங்க" என்று பூட்டினா அது என்ன நிர்வாகம்?

மதுராந்தகம் ஏரியை நினைச்சுப் பாருங்க. ஏரி மதகில் ஓட்டை விழுந்தா என்ன செய்வோம்? அந்த மதகை அடைச்சு, அடுத்த மதகுல தண்ணி விட்டு, கோடையில மராமத்து பார்ப்போம். "மதகு கெட்டுப்போச்சு, ஏரியைத் தூர்த்துடு" என்று எந்த நீர்க்கட்டியும் சொன்னதில்லை. 2008-ல் டெல்லியில் எடுத்த முடிவு ஏரியைத் தூர்க்கிற முடிவு. மூணு கூடமும் ஒரே நேரத்தில் நின்றது. கூடங்கள் நின்றதும் மருந்து வாங்கத் தனியார் கம்பெனிகளிடம் போனாங்க. தட்டுப்பாடு வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு இதை விசாரிச்சது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. முன்னாள் மத்திய சுகாதாரச் செயலாளர் ஜாவித் சவுத்ரி தலைமையில் குழு போட்டாங்க. கடைசியில் 2010 பிப்ரவரியில் அந்தத் தடை உத்தரவை விலக்கிக்கொண்டாங்க.

பூட்டு திறந்தது சரி. மறுநாளே மருந்து வந்துட்டதா? வராது. தீயில வச்ச பானையை இறக்கி வச்சா சோறு அப்படியே நிக்கும். நிறுத்தின ஆய்வுக்கூடம் அப்படி நிக்காது. கைதேர்ந்த ஆட்கள் ஓய்வு பெற்றுப் போயிடுவாங்க. புது ஆள் எடுக்க மாட்டாங்க. எந்திரம் துருப்பிடிக்கும். திரும்பவும் கட்டிடம் கட்டி, சோதனை பண்ணி, உரிமம் வாங்கி, மருந்தை வெளியே அனுப்ப வருஷக்கணக்காகும். கசௌலியில் புதிய தரத்துக்கு ஏற்ற முத்தடுப்பு ஊசிக் கட்டிடத்தைத் திறந்து வச்சது 2016 ஏப்ரலில்! பூட்டினது 2008. எட்டு வருஷம். பூட்டாமலேயே ஒரு பக்கமா கட்டியிருந்தா இந்த எட்டு வருஷம் வீணாகியிருக்குமா?

திருமணியில் என்ன நடந்தது?

இனி நம்ம வாசலுக்கு வருவோம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். 1920-களில் லேடி வெலிங்டன் பேரில் தொடங்கிய தொழுநோய் இல்லம் அது. 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. சொந்த பந்தமே ஒதுக்கி வச்ச நோயாளிகளுக்கு அடைக்கலம் கொடுத்த இடம். அந்தத் திருமணியில்தான் 2012-ல் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 100 ஏக்கர் நிலம். திட்ட மதிப்பு 594 கோடி ரூபாய். மத்திய அரசின் எச்.எல்.எல். நிறுவனத்தின் துணை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக் நடத்தும் என்றாங்க. "தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம்" என்றாங்க. ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, மஞ்சள்காமாலை தடுப்பூசி, வெறிநாய்க்கடி தடுப்பூசி, தட்டம்மை ஊசி, பி.சி.ஜி. எல்லாம் இங்கேயே தயாராகும், வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ஊசி நாடு முழுக்கப் போகும் என்றாங்க. அப்போ இது காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு. மாவட்டம் பிறந்து வளர்ந்தது. மருந்து பிறக்கலை.

2020-21-ல் கொரோனா வந்தது. நம்ம ஊர்ல நடந்த சாவை மறக்க முடியுமா? ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலைய வாசல்ல விடிகாலை வரிசை. "இன்னைக்கு ஸ்டாக் இல்லை" என்ற போர்டு. 2021 மே மாதத்தில் 18 முதல் 44 வயதுக்காரங்களுக்கான ஊசியை மாநிலங்களே கம்பெனிகளிடம் வாங்கிக்கணும் என்றது மத்திய அரசு. தனக்கு 150 ரூபாய்க்கு வாங்கிய அதே ஊசிக்கு மாநிலத்துக்கு 300, 400 என்று விலை. கண்டனம் கிளம்பி, ஜூன் 21 முதல்தான் மத்திய அரசு தானே வாங்கித் தர ஆரம்பிச்சது.

அந்த நாட்களில் திருமணி வளாகம் என்ன செய்தது? சும்மா நின்றது! 2021 தொடக்கத்தில் அதை நடத்தத் தனியாருக்கு டெண்டர் விட்டுப் பார்த்தாங்க. யாரும் வரலை. மே 25 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து பார்த்தார். சுமார் 700 கோடி ரூபாய் போட்டும் கூடுதல் நிதி இல்லாமல் பயன்படாமல் கிடக்கு, மாநிலத்துக்குக் குத்தகைக்குக் கொடுங்க, நாங்க இயக்குறோம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கே சாவியைக் கொடுத்திருந்தால்கூட அடுத்த வாரமே ஊசி வந்திருக்காது. அது நமக்கும் தெரியும். ஆனா 2012-ல் ஆரம்பிச்சதை ஒழுங்கா முடிச்சிருந்தா 2021-ல் நாம கையேந்தி நின்றிருக்க மாட்டோம். நாத்து விடாதவன் அறுப்புக் காலத்துல அருவாளைத் தீட்டி என்ன பயன்?

அந்தப் பணம் யார் பணம்? நாம வாங்குற தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் டீசலுக்கும் கொடுத்த வரி. அதைச் செங்கல்லும் சிமெண்டுமா கொட்டி வச்சுட்டு, எந்திரத்தை ஓட்டக் காசில்லை என்று சொன்னா எப்படி? கிணறு வெட்டி, பம்புசெட் வாங்கி வச்சு, கரண்ட் கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டாம விட்ட கதை இது.

விஷம் நம்ம ஊர், மருந்து எந்த ஊர்?

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. அங்கே 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் நடக்குது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்று, பிழைப்புக்கு வழியில்லாமல் நின்ற இருளர் மக்கள், தங்கள் கைத்திறனை உயிர் காக்கும் தொழிலா மாத்தினாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு வகைப் பாம்பைப் பிடிச்சு, சில வாரம் பானையில் வச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுடுறாங்க. நாட்டில் விஷமுறி மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கம் கொடுத்ததுதான். நம்ம மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. நமக்கெல்லாம் பெருமை.

அந்த விஷம் இங்கிருந்து எங்கே போகுது? ஐதராபாத் பக்கம், மகாராஷ்டிரா பக்கம் இருக்கிற மருந்துக் கூடங்களுக்கு. அங்கே அதைத் துளித்துளியா குதிரைக்கு ஏத்துறாங்க. குதிரை உடம்பு மாதக்கணக்கில் அதை எதிர்த்து எதிர்ப்புச் சத்தை உண்டாக்குது. குதிரை ரத்தத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, பொடியாக்கி, குப்பியில் அடைச்சா விஷமுறி மருந்து. ஒரு கடிக்கு முதல்ல 8 முதல் 10 குப்பி ஏத்தணும். சிலருக்கு இன்னும் கூட. அப்படி வந்த மருந்தைத்தான் நம்ம அரசு ஆஸ்பத்திரி விலை கொடுத்து வாங்கி, நமக்கு இலவசமா போடுது. பாம்பு நம்ம வரப்புல. விஷம் எடுக்கிறவன் நம்ம பக்கத்து ஊர்க்காரன். கடி வாங்குறவன் நாம. மருந்து செய்யுற கூடம் மட்டும் நம்ம மாநிலத்து அரசாங்கத்திடம் இல்லை! கிண்டியில் ஒரு காலத்தில் இருந்ததைத் தொடர்ந்து புதுப்பிச்சு நடத்தியிருந்தா இந்த நிலை வருமா?

2024 மார்ச்சில் மத்திய அரசு, பாம்புக்கடிச் சாவை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே வருஷம் நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியதாக அறிவிச்சது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனா கணக்கு எழுதுற நோட்டு மட்டும் உயிரைக் காப்பாத்தாது. குப்பியும் வேணும்.

இங்கே ஒரு வார்த்தை. யாரையாவது பாம்பு கடிச்சா கயிறு இறுக்கிக் கட்டாதீங்க. பிளேடால் கீறாதீங்க. வாயால் உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, 108-ஐக் கூப்பிட்டு, நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாம்பைத் தேடி அடிச்சு எடுத்துட்டு வரணும் என்று நேரத்தைப் போக்காதீங்க. மந்திரிக்கிறவர் கிட்ட போன நேரம்தான் பல பேருக்கு எமனாச்சு.

எப்படிப் புதுப்பிக்கணும்?

"பழைய கட்டிடத்தை இடிச்சுட்டுப் புதுசா கட்டினாப் போச்சு" என்று சுலபமா சொல்லிடுவாங்க. ஆய்வுக்கூடம் கல்யாண மண்டபம் இல்லை. கட்டிடம் அதிலே ஒரு பாகம்தான். கிருமி வித்தைத் தலைமுறை தலைமுறையா கெடாம வச்சிருக்கிறது, 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர் மாறாம பாத்துக்கிறது, ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதிச்சு எழுதி வைக்கிறது என்று பல பேர் கையில சேர்ந்த அனுபவம்தான் அந்தக் கூடம். கட்டிடத்தை ஒரு காண்டிராக்டர் கட்டிடுவார். அனுபவத்தை எந்தக் காண்டிராக்டர் கட்டுவார்? விதை நெல்லைத் தின்னுட்டா அடுத்த பட்டத்துக்குக் கலப்பை மட்டும் வச்சு என்ன பண்றது?

நமக்குத் தெரிஞ்ச மராமத்து முறையையே சொல்றோம். ஒண்ணு, ஒரே நேரத்துல எல்லாத்தையும் நிறுத்தக்கூடாது. ஒரு பகுதி ஓடணும், ஒரு பகுதியில் வேலை நடக்கணும். ரெண்டு, நிறுத்தியே ஆகணும்னா, வேலை முடியும்வரை தேவைப்படும் மருந்தை முன்கூட்டியே இருப்பு வச்சுட்டு நிறுத்தணும். மூணு, வேலை ஆரம்பிக்கும்போதே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கணும். ஓய்வு பெறப் போறவர் கை, புதுசா வந்தவன் கையைப் பிடிச்சுக் கத்துக்கொடுக்கணும். நாலு, கட்டுறதுக்கு மட்டும் பணம் ஒதுக்கிட்டு நிக்கக்கூடாது. ஓட்டுறதுக்கும் சேர்த்து ஒதுக்கணும். திருமணியில் தவறியது இந்த நாலாவது.

"அரசாங்கத்தால் முடியாது, தனியார்தான் லாயக்கு" என்பார்கள். முடியாதா? அதே கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டின பல்நோக்கு மருத்துவமனையை 2023 ஜூனில் திறந்தாங்களே! பதினைஞ்சு மாசம். மனசு வச்சா நடக்குது. தனியார் கம்பெனி மருந்து செய்யட்டும். நாம அதை எதிர்க்கலை. ஆனா அரசாங்கத்துக்கென்று ஒரு கூடமாவது ஓடிக்கிட்டு இருந்தாத்தான் விலை ஒரு கட்டுக்குள்ள நிக்கும். அரசு நெல் கொள்முதல் நிலையம் திறக்காத வருஷத்துல வியாபாரி என்ன விலைக்குக் கேட்பான்னு உங்களுக்குத் தெரியாதா? மருந்துக்கும் அதே கணக்குதான்.

"லாபம் இல்லாத மருந்தை யார் செய்வா?" என்பது இன்னொரு கேள்வி. நல்ல கேள்வி! விஷமுறி மருந்தை வாங்குறவன் யார்? ஏழைக் குடியானவன், கூலிக்காரன், இருளன். அவனுக்காகக் கம்பெனி எதுக்கு மெனக்கெடணும்? அதனாலதான் அந்த வேலை அரசாங்கத்தோட வேலை.

நமது கோரிக்கைகள்

1. திருமணி தடுப்பூசி வளாகத்துக்கு 2012 முதல் இன்று வரை எவ்வளவு செலவானது, எந்தெந்தப் பிரிவு ஓடுது, எது நிக்குது, ஏன் நிக்குது என்பதை மத்திய அரசு தமிழில் வெள்ளை அறிக்கையாக வெளியிட வேண்டும்.

2. அந்த வளாகத்தை மத்திய அரசு தானே முழுமையாக நடத்த வேண்டும். இல்லையேல் மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 100 ஏக்கரில் ஒரு சென்ட் கூட வேறு வியாபாரத்துக்குப் போகக்கூடாது.

3. கிண்டி, குன்னூர் கூடங்களில் செய்யும் எந்தப் புதுப்பிப்பு வேலையும் உற்பத்தியை நிறுத்தாமல் பகுதி பகுதியாக நடக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

4. பாம்புக்கடி விஷமுறி மருந்தைத் தமிழ்நாட்டில் அரசே தயாரிக்க, குதிரைப் பண்ணையோடு கூடிய தனிப் பிரிவு தொடங்க வேண்டும். வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதில் பங்கும் கட்டுப்படியான விலையும் கொடுக்க வேண்டும்.

5. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விஷமுறி மருந்தும் நாய்க்கடி ஊசியும் எத்தனை இருப்பு என்று தினமும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

6. ராணிப்பேட்டை கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்தை விரிவுபடுத்தி, நம் ஆடு மாடுகளுக்குப் பருவத்துக்கு முன்பே ஊசி வந்து சேர வழி செய்ய வேண்டும்.

7. இந்தக் கூடங்களில் வரும் வேலைகளில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் படித்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

நீங்க செய்ய வேண்டியது

கோரிக்கையை நோட்டீசில் அச்சடிச்சா மட்டும் நடக்காது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை கூடும் நாட்கள். பத்துப் பேரா சேர்ந்து போங்க. "திருமணி தடுப்பூசி வளாகத்தைப் பொதுத்துறையில் முழுமையாக இயக்கவும், விஷமுறி மருந்தை அரசே தயாரிக்கவும் இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது" என்று ஒரு வரித் தீர்மானம் போதும். தீர்மானப் புத்தகத்தில் எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க. வெத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுட்டு வராதீங்க. தீர்மான நகலைக் கேட்டு வாங்கி வைங்க.

படிச்ச பிள்ளைகள் ஊருக்கு ஒருத்தர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. 2005-ல் வந்த சட்டம். பத்து ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தரணும். மேலே உள்ள முதல் கோரிக்கையையே கேள்வியா எழுதுங்க. வந்த பதிலைச் சங்கக் கிளைக்குக் கொண்டாங்க. அடுத்த நோட்டீசில் ஊரறியப் போடுவோம். ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும் "திருமணிக்கு என்ன பதில்?" என்ற கேள்வியைக் கேட்காம அனுப்பாதீங்க.

உழவர் பெருமக்களே! நம்ம முன்னோர் வெட்டின ஏரியை நாம தூர்வாரி வச்சதாலதான் இன்னைக்கும் பாலாத்துத் தண்ணியும் மழைத் தண்ணியும் தங்குது. 1899-ல் தொடங்கிய கூடமும் அப்படி ஒரு ஏரிதான். அதைக் காப்பாத்தி அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற பொறுப்பு நமக்கும் உண்டு. நாளைக்கு நாத்து நடப்போற நம்ம மகள் காலை ஒரு விரியன் தீண்டினா, ஆஸ்பத்திரி அலமாரியில் குப்பி இருக்கணும். அது இருக்குமா இருக்காதா என்பதை இன்னைக்கு நாம எழுப்புற குரல் முடிவு பண்ணும்.

பழைய ஆய்வுக்கூடங்களைப் பூட்டாதே! புதுப்பி!
திருமணியை முழுசா திற! மருந்தைக் கொடு!
வடநெம்மேலி விஷத்துக்குத் தமிழ்நாட்டிலேயே மருந்துக்கூடம்!
ஒன்றுபடுவோம்! உரிமையைப் பெறுவோம்!